கட்டையை அவிக்கலாம், செடியை என்ன செய்வது? கண்ணாடித் தோட்டத்துக்குள் போகும் முன் சில குறிப்புகள்

கண்ணாடிக் குடுவைத் தோட்டம் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "வெளியில கிடந்த ஒரு அழகான கட்டை, கிணத்துச் சுவத்துல முளைச்ச பன்னம், கொஞ்சம் பாசி. இதையெல்லாம் கழுவிட்டு நேரா உள்ள வச்சிடலாமா?"

வைக்கக் கூடாது. குழாயடியில் கழுவுவதால் மண்தான் போகும். உள்ளே இருப்பவர்கள் பத்திரமாகவே இருப்பார்கள். ஏன், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று நான் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுமை இருந்தால் படியுங்கள்.

முதலில் ஒரு வேடிக்கை. டெரேரியம் என்று இன்று நாம் சொல்லும் இந்தச் சமாச்சாரமே ஒரு பூச்சியைப் பார்க்கப் போய்க் கிடைத்ததுதான். நதானியேல் பாக்‌ஷா வார்டு என்று லண்டனில் ஒரு மருத்துவர். 1829-இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமான இலைமட்கில் புதைத்து, மூடிபோட்ட கண்ணாடிப் புட்டிக்குள் வைத்திருந்தார். பூச்சி வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்து வந்தன. லண்டன் புகையில் வீட்டுத் தோட்டத்தில் பிழைக்காத பன்னம், மூடிய புட்டிக்குள் தண்ணீர் ஊற்றாமலே செழித்தது. அதிலிருந்து வந்ததுதான் 'வார்டியன் பெட்டி'. 1833-இல் இரண்டு பெட்டிகள் கப்பலேறிச் சிட்னிக்குப் போயின. பிறகு சீனத்துத் தேயிலைச் செடி இமயமலைப் பக்கம் வந்தது, சின்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றது எல்லாம் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான்.

வார்டு புட்டியில் போட்டது ஒரு கூட்டுப்புழு, கொஞ்சம் மட்கு. முளைத்தது அவர் போடாத இரண்டு செடிகள். இந்த விஷயத்தின் சாரமே இதுதான். மண்ணோடு வருவது நாம் பார்த்து எடுத்தது மட்டுமில்லை. பெட்டிகளோடு மண் போனது, மண்ணோடு புழுவும் முட்டையும் போயின. லண்டன் கியூ தோட்டத்தின் வெப்பக் கண்ணாடி வீட்டில் 1878-இல் ஒரு புதிய தட்டைப்புழுவைக் கண்டுபிடித்து, பைபேலியம் கியூவென்ஸ் என்று அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். தலை சுத்தியல் மாதிரி, உடம்பில் கறுப்புக் கோடுகள். அதன் சொந்த ஊர் தென்கிழக்கு ஆசியா. செடிகளோடு வந்து குடியேறிய விருந்தாளி, பெயரில் மட்டும் இங்கிலாந்துக்காரர். மழைக்காலத்தில் நம்மூர்த் தோட்டங்களிலும் இந்த சுத்தியல் தலைக்காரர்களைப் பார்க்கலாம். மண்புழுதான் இவர்களுக்குச் சாப்பாடு. வெட்டினால் துண்டுகள் தனித்தனியாக வளர்ந்துவிடும், அதனால் கத்தியைத் தூக்காதீர்கள்.

எல்லாப் பூச்சியும் எதிரி இல்லை

வெளியில் ஒரு கட்டையில் நூறு உயிர்கள் இருந்தாலும் கணக்கு சரியாக இருக்கும். ஓணான் தின்னும், எறும்பு தூக்கிப் போகும், வெயில் காயவைக்கும், மழை அடித்துப் போகும். மூடிய கண்ணாடிக்குள் இது எதுவும் கிடையாது. எப்போதும் ஈரம், எப்போதும் மிதமான சூடு. வெளியில் ரெண்டு மாவுப்பூச்சி என்றால் ரெண்டு மாவுப்பூச்சிதான். உள்ளே அது ஒரு மாதத்தில் மாநாடு.

இதில் நல்லவர்களும் உண்டு. மட்கில் துள்ளும் வெள்ளைப் பொடி போன்ற ஸ்பிரிங்டெயில், தொட்டால் உருண்டையாகச் சுருளும் மரப்பேன் என்கிற ஐசோபாட், மண்புழுக் குஞ்சு எல்லாம் துப்புரவுப் பணியாளர்கள். பூஞ்சையையும் செத்த இலையையும் தின்று உரமாக்குவார்கள். இவர்களை வேண்டுமென்றே விலை கொடுத்து வாங்கி விடுகிறவர்கள் உண்டு.

தொல்லைக்காரர்கள் வேறு. செடியின் சாறு குடிக்கும் மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி, சிவப்புச் சிலந்தி. ராத்திரியில் இலையை ஓட்டை போடும் நத்தையும் ஓடில்லா நத்தையும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பூஞ்சைக் கொசு. ஸ்பிரிங்டெயில்களை ஒன்றுவிடாமல் வேட்டையாடித் தீர்க்கும் நாடாப்புழு (வயிற்றில் வருகிற நாடாப்புழு அல்ல, ஈர மண்ணில் ஊரும் வேறு இனம்). பூரான், தேள் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உளுத்த கட்டையைக் கையால் பிளக்கும்போது எப்போதும் அவர்கள் நினைப்பு இருக்கட்டும்.

கட்டைக்குள்ளே இருப்பவர்கள் தனி ரகம். இவர்களால் ஆபத்து குடுவைக்கு இல்லை, உங்கள் புத்தக அலமாரிக்கு. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கட்டையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் மூன்று நாலு நாள் சும்மா வையுங்கள். கீழே மைதா மாவு மாதிரி நைசாக விழுந்தால் அது உளுவண்டு. கசகசா மாதிரி, ஒரே அளவில் குட்டிக் குட்டி மணிகளாக விழுந்தால் அது உலர்மரக் கறையான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் இருக்கும். நம் ஊரில் கறையான் என்றாலே மண்புற்று, சுவரில் மண்கோடு என்று நினைக்கிறோம். உலர்மரக் கறையானுக்கு மண்ணே தேவையில்லை. ஒரு கட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்தி, சிறகு முளைத்ததும் பறந்து வந்து உங்கள் கதவு நிலையில் புதுக் குடித்தனம் போடும். "நல்லா காஞ்ச கட்டைதானே, ஒண்ணும் இருக்காது" என்று சொல்வது இதனால்தான் சரியில்லை. காய்ந்த கட்டைதான் இவர்களுக்குப் பிடித்த வீடு.

நம்ம வீட்டோட போற விஷயமா இது?

பொழுதுபோக்குக்கு வைக்கிற ஒரு குடுவைக்கு இவ்வளவு அலட்டல் எதற்கு என்று கேட்கலாம். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மத்திய அமெரிக்கப் பூச்சி. அது வெள்ளை வெள்ளையாகப் பரவிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வரிசையாக அழித்தது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரி இல்லாமல் தவித்தார்கள். மருந்து அடித்தும் தீரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, எறும்பை விடச் சின்ன குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஏதோ ஒரு செடியோடு, ஏதோ ஒரு பழத்தோடு வந்த சில பூச்சிகள்தான் ஆரம்பம்.

ஆப்பிரிக்கப் பெருநத்தையின் கதை இதைவிட மோசம். 1847-இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் ஒருவர் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் ஆசைக்கு விட்டதாகப் பதிவு இருக்கிறது. இன்று கேரளத்திலும் நம் பக்கத்திலும் மழை பெய்தால் சுவர் முழுக்க அதுதான். எலி நுரையீரல் புழு என்று ஒன்றை அது சுமக்கும். மனிதருக்குத் தொற்றினால் மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகும். நத்தையையும் அதன் சளித் தடத்தையும் வெறும் கையால் தொடாதீர்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

குடுவையிலிருந்து கொட்டும் பழைய மண், செடியைக் கழுவிய தண்ணீர், நண்பருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு துண்டுப் பாசி, எல்லாமே ஒரு ஊரின் உயிர்களை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகும் வண்டிதான். மலைச் செடியைச் சமவெளிக்கும், சமவெளி மண்ணை மலைக்கும் கொண்டுபோகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது

காப்புக்காட்டுக்குள் போய் எடுக்காதீர்கள். பட்டுப்போன கட்டை, உதிர்ந்த இலை, பாசி எதுவானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். தமிழ்நாட்டு வனச் சட்டம் 1882-இலிருந்து இருக்கிறது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வனவுயிர்ச் சட்டமும் சேரும். நெப்பந்தஸ் குடுவைச் செடி, சில ஆர்க்கிட்கள், பெட்டோம் சைக்கஸ் எல்லாம் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்டவை. கொடைக்கானல் போகும்போது ரோட்டோரப் பாறையில் பாசியை உரித்து எடுத்துப் பையில் போடுகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அந்த மெத்தை உருவாக எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை வராது. நம் குடுவையில் அது மூன்று மாதம் கூடத் தாங்காது என்பது வேறு விஷயம். மலைப் பாசிக்குக் குளிர் வேண்டும்.

சமவெளியில் இருப்பதே போதும். வீட்டு மாடிச் சுவரில் தண்ணீர்த் தொட்டி கசியும் இடத்தில் வரும் பாசி நம் சூட்டைத் தாங்கும். கிணற்றுச் சுவர்ப் பன்னமும் அப்படியே. (பழைய செங்கல் சுவரில் வரும் டெரிஸ் விட்டாட்டா என்ற பன்னம் மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்து வைக்கும் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். குடுவையில் வைப்பதற்குத் தடையில்லை, மென்று பார்க்காதீர்கள்.) கட்டைக்கு, சொந்தத் தோட்டம் அல்லது உரிமையாளரைக் கேட்டு எடுக்கும் வேலியோரம். புளி, பூவரசு, கொய்யா, சீமைக்கருவேல வேர் எல்லாம் ஈரத்தில் நீடிக்கும். முருங்கை வேண்டாம், ஒரே மாதத்தில் பஞ்சாகும். அரளி, எருக்கு, கள்ளி பக்கமே போகாதீர்கள். அவிக்கும்போது அந்தப் பால் சட்டி முழுக்க இறங்கும். வேப்பங்கட்டையை நான் தவிர்ப்பேன், பூச்சியை விரட்டுவதற்குப் பெயர் போன மரத்தைத் துப்புரவுப் பூச்சிகள் இருக்கும் இடத்தில் எதற்கு வைக்க வேண்டும்? கடற்கரையில் ஒதுங்கியது என்றால் உப்புப் போக வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும்.

மருந்து தெளித்த வயல் வரப்பிலிருந்து எடுத்தால் பூச்சி இருக்காது என்று ஒருவர் சாமர்த்தியமாகச் சொன்னார். வாஸ்தவம். ஆனா மருந்து இருக்கும்.

கட்டை: 56-ம் 30-ம்

நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளுக்கு ஒரு சர்வதேச விதி இருக்கிறது. ஐ.எஸ்.பி.எம். 15 என்று பெயர். சரக்கு இறங்கும் இடத்தில் மரப் பலகைகளில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையும் 'ஹெச்.டி.' என்ற எழுத்துகளும் பார்த்திருப்பீர்கள். சூடுபடுத்தியது என்று அர்த்தம். விதி எளிமையானது: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும், அப்படியே 30 நிமிடம் இருக்க வேண்டும். வண்டு, புழு, முட்டை, மர நூற்புழு எல்லாவற்றையும் மனதில் வைத்துப் போட்ட எண்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'நடுப்பகுதி'. "பத்து நிமிஷம் கொதிக்க வச்சேன்" என்பதில் கட்டை எவ்வளவு தடிமன் என்ற தகவல் இல்லை. மரம் சூட்டை ரொம்ப மெதுவாகத்தான் உள்ளே விடும். அதிலும் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். உருளையான கட்டையைக் கொதிக்கும் நீரில் முழுக்க அமிழ்த்தினால் நடுப்பகுதி 30-லிருந்து 56 டிகிரிக்கு ஏற எவ்வளவு ஆகும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 5 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 11 நிமிடம். 10 சென்டிமீட்டருக்கு முக்கால் மணி. 20 சென்டிமீட்டர் என்றால் மூன்று மணி நேரம். இதற்கு மேல்தான் அந்த 30 நிமிடம். அதாவது கை மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்றால் தாராளம். தொடைத் தடிமன் கட்டை என்றால் சிலிண்டரை நினைத்துப் பார்த்து, பிளந்து இரண்டாக்கிவிடுவது உத்தமம்.

அதனால் என் முறை: பழைய அண்டா, விறகடுப்பு, மேலே செங்கல். செங்கல் எதற்கென்றால் காய்ந்த கட்டை மிதக்கும், மிதக்கிற பக்கம் வேகாது. பட்டையை முதலிலேயே உரித்துவிடுங்கள், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்தான் கூட்டமே. தண்ணீர் டீ நிறத்தில் வரும். அது டானின், பயப்பட வேண்டாம். நிறம் பிடிக்காவிட்டால் தண்ணீரை மாற்றி இன்னொரு தரம் கொதிக்க விடலாம்.

சிறிய துண்டுகளுக்குக் குக்கர் நல்லது. வெயிட் போட்ட குக்கருக்குள் 120 டிகிரியை நெருங்கும், கிட்டத்தட்ட ஆஸ்பத்திரியில் கருவி சுத்தம் செய்யும் சூடு. ஆனா சமையல் குக்கரை எடுக்காதீர்கள். பிசினும் பட்டைத் தூளும் வெயிட் மாட்டுகிற குழாயை அடைத்தால் வெடிக்கும். துணியில் கட்டித் தட்டின் மேல் வையுங்கள், தண்ணீரில் மிதக்க விடாதீர்கள். இட்லிக் கொப்பரையும் இதே வேலையைச் செய்யும், ஆபத்தும் கிடையாது. கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அவன் வைத்திருப்பவர்கள் 100 டிகிரியில் வைக்கலாம். காற்று தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. ஈரக்கட்டை என்றால் தண்ணீர் ஆவியாகி ஆவியாகி அதையே குளிர்த்திக்கொண்டிருக்கும். அதனால் கொதிநீர் நேரத்தைப் போல இரண்டு மடங்காவது கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெளியே குளிர்ச்சியாக இருக்கும்போதே உள்ளே கருகித் தீப்பிடிக்கும்.

கொதிக்க வைத்தால் உருக்குலையும் கார்க் பட்டை, காய்ந்த கொடி, லைக்கன் ஒட்டிய குச்சி போன்றவற்றுக்கு உறைபெட்டி. அருங்காட்சியகங்களில் பூச்சி பிடித்த மரச் சிற்பங்களையும் துணிகளையும் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு வாரம் வைத்து எடுப்பார்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ ஒட்டி இருக்கும். கதவைத் திறந்து திறந்து மூடுகிற வீடு என்றால் இரண்டு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி வைத்து, எடுத்ததும் ஒரு நாள் அறைச் சூட்டில் விட்டு, திரும்பவும் ஒரு வாரம் வைத்தால் இன்னும் நல்லது. குளிர்நாட்டுப் பூச்சிகள் பனிக்குப் பழகியிருக்கும் என்பதால் அங்கே இது கண்டிப்பான விதி. நம் ஊர்ப் பூச்சி பனியே பார்த்ததில்லை, அது நமக்கு ஒரு சலுகை. வீட்டில் உள்ளவர்களிடம் பையில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வெயில்? நம்மிடம் தாராளமாக இருப்பது அதுதானே. மொட்டைமாடியில் சும்மா பரப்பிக் காயவைப்பது போதாது, நிழல் பக்கம் தப்பித்துவிடும். கலிஃபோர்னியா நாற்றங்கால்களில் மண்ணுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தெளிவான பாலித்தீன் தாளால் இரண்டு அடுக்காகக் கூடாரம் போட்டு, மண் 70 டிகிரியில் அரை மணி அல்லது 60 டிகிரியில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கறுப்புத் தாளை விடத் தெளிவான தாள்தான் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். சித்திரை வெயிலில் மெல்லிய குச்சிகள், இலைச்சருகு, ஒரு கை அளவு மண்ணுக்கு இது சரியாக வரும். பத்து நாள் விடுங்கள், உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். எண்ணைப் பார்க்காமல் "நல்ல வெயில்தான்" என்று சொல்வதில் பயனில்லை.

கல்லைப் பற்றி ஒரே வரி: கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றுங்கள், ஆனால் அடுப்பில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும்.

இவ்வளவு செய்து கட்டையை உள்ளே வைத்த பத்தாவது நாள் அதன் மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை பூக்கும். உடனே ஃபோன் வரும், "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், கெட்டுப்போச்சு" என்று. கெட்டுப்போகவில்லை. கொதிநீரில் சாகாத வித்துகளும் இருக்கின்றன, காற்றிலும் வித்து இருக்கிறது. நாம் எல்லாரையும் துரத்திவிட்டுக் காலி வீடாக வைத்ததால் முதலில் வந்தவர் கொண்டாடுகிறார். இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். ஸ்பிரிங்டெயில் விட்டால் இன்னும் சீக்கிரம். நமக்கு வேண்டியது அறுவை சிகிச்சை அறை இல்லை. தொல்லைக்காரர்கள் போக வேண்டும், அவ்வளவே.

செடி: சூடும் வேண்டும், சாகவும் கூடாது

கட்டை ஏற்கனவே செத்தது, எவ்வளவு வேண்டுமானாலும் அவிக்கலாம். செடி அப்படியா? பூச்சி சாகிற அளவுக்கும் செடி சாகிற அளவுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குறுகிய சந்தில்தான் நாம் நடக்க வேண்டும்.

முதல் வேலை மண்ணை முழுசாக உதறுவது. வேரை அறைச்சூட்டு நீரில் அலசி, தாய்மண் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் எடுங்கள். பழுத்த இலை, காய்ந்த அடிமட்டை எல்லாவற்றையும் கிள்ளி எறியுங்கள். நத்தை முட்டைகள் ஜவ்வரிசி மாதிரி வேர்முடிச்சில் இருக்கும். சமையலறை விளக்கடியில் ஒரு லென்ஸோடு உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மருந்து எதுவும் இதற்கு ஈடாகாது என்பது என் கட்சி.

இரண்டாவது, வெந்நீர்க் குளியல். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனென்றால் பின்னால் எதுவும் மிச்சம் வைக்காது. ஹவாய் தீவுகளுக்கு நாற்றங்கால் செடிகளோடு கோக்கி என்ற ஒரு குட்டித் தவளை வந்து சேர்ந்து, ராத்திரி முழுக்கக் கத்திக் கத்தி ஊரின் தூக்கத்தைக் கெடுத்தது. அங்கே செடிகளை 45 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் நனைத்தால் தவளையும் முட்டையும் சாகும், பெரும்பாலான செடிகள் பிழைக்கும் என்று கண்டார்கள். ஜப்பானின் ஒகசவாரா தீவுகளில் நத்தைகளை அழித்துக்கொண்டிருந்த தட்டைப்புழுவுக்கு 43 டிகிரியில் 5 நிமிடமே போதுமாக இருந்தது. நம் வாழை விவசாயத்திலும் கன்றின் கிழங்கை நூற்புழுவுக்காகச் சீவிவிட்டு வெந்நீரில் முக்கும் முறை உண்டு. அங்கே 55 டிகிரி, 20 நிமிடம். கிழங்கு தடிமன், அது தாங்கும். பன்னத்தின் இலையைப் போட்டால் கீரை மசியலாகிவிடும்.

ஆக, 43-லிருந்து 45 டிகிரி, 5 நிமிடம். குளிப்பதற்குக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் சூடு, ஆனால் கையை நம்பாதீர்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்குச் சமையல் வெப்பமானி கிடைக்கிறது. பெரிய பக்கெட்டாக எடுத்தால் சூடு சீக்கிரம் இறங்காது. முதலில் ஒரு இலையையோ ஒரு கன்றையோ மட்டும் முக்கி இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். 5 நிமிடம் ஆனதும் உடனே சாதா நீருக்கு மாற்றுங்கள்.

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் மெழுகுக் கவசத்துக்குள் இருப்பவர்கள். இவர்களுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் 70 சதவீத ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பதுதான் வழி. அலுப்பான வேலை. இலைக் கக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பிளீச்சிங் திரவத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு, தடித்த இலைச் செடி என்றால் 2 நிமிடம், பிறகு நன்றாக அலசி, மீன்தொட்டிக்குப் போடும் குளோரின் நீக்கி கலந்த நீரில் ஒரு முறை. பாசிக்கும் மெல்லிய பன்னத்துக்கும் இது எமன். பூஞ்சை, பாக்டீரியாவுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் முட்டைகள் விஷயத்தில் நான் இதை நம்ப மாட்டேன். கழிவறை கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ இதோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

வேருக்குள் ஏறிப் பரவும் பூச்சிமருந்துகள், இமிடாகுளோபிரிட் மாதிரி, வேலை செய்யும்தான். மூடிய குடுவையில் அது எங்கே போகும்? இலை உதிர்ந்து, அதைத் தின்னும் ஸ்பிரிங்டெயிலும் ஐசோபாடும் சேர்ந்து போகும். மழை வந்து கழுவாத இடத்துக்கு அந்த மருந்து பொருந்தாது.

பாசிக்கு? நேர்மையாகச் சொன்னால் நல்ல வழி எதுவும் இல்லை. அலசுங்கள், பிரித்துப் பிரித்துப் பாருங்கள், ஒரு டப்பாவில் தனியே வளருங்கள். அல்லது முழுக்கக் காயவையுங்கள். பல பாசிகள் சருகாகக் காய்ந்து திரும்ப நனைத்ததும் உயிர்பெறும். தட்டைப்புழுவுக்கு அந்த வித்தை தெரியாது.

நாற்பது நாள் தனியறை

எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் முட்டைகள் கொஞ்சம் தப்பும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். 'குவாரண்டைன்' என்ற சொல்லே வெனிஸ்காரர்கள் கப்பல்களை நாற்பது நாள் தள்ளி நிறுத்தியதிலிருந்து வந்தது. செடிக்கும் நான் அதையே வைக்கிறேன், குறைந்தது நாலு வாரம், முடிந்தால் ஆறு. பூஞ்சைக் கொசு முட்டையிலிருந்து பறப்பது வரை நம் சூட்டில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும், அதனால் நாலு வாரத்தில் ஒரு தலைமுறையாவது வெளியே தெரியும்.

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, தெளிவான மூடி, அடியில் மண்ணுக்குப் பதில் நனைத்த டிஷ்யூ தாள். வெள்ளைத் தாளில் எச்சம், முட்டை, ஊர்ந்த தடம் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஒரு துண்டு மஞ்சள் ஒட்டட்டை கொசுவுக்கு. வாரம் ஒரு ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டை வைத்துவிட்டு, விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். நத்தை இருந்தால் அங்கே இருக்கும். கொசு வந்துவிட்டால், கொசுப்புழு ஒழிப்புக்குப் பயன்படுத்தும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். அது கொசுக் குடும்பத்துப் புழுக்களோடு நின்றுகொள்ளும், துப்புரவுப் பணியாளர்களைத் தொடாது.

ஏற்கனவே நட்டு முடித்த குடுவையில் பூச்சி வந்துவிட்டால், கடைசி ஆயுதம் கார்பன் டை ஆக்சைடு. தானியக் கிடங்குகளில் இதே வாயுவை 60 சதவீதத்துக்கு ஏற்றிப் பத்து நாளுக்கு மேல் பிடித்து வைப்பார்கள். தவளைத் தொட்டி வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் உலர்பனி போட்டுச் செய்கிறார்கள். 40 லிட்டர் தொட்டியை நிரப்பக் கணக்குப்படி 70 கிராம் உலர்பனி, கசிவுக்குச் சேர்த்து இரண்டு மடங்கு. உலர்பனி கிடைக்காத ஊரில் சமையல் சோடாவும் வினிகரும்: அதே 40 லிட்டருக்கு 135 கிராம் சோடா. வாயு காற்றைவிடக் கனம், வெளியே ஒரு பாத்திரத்தில் கலந்து குழாய் வழியாக அடியில் விட வேண்டும். நடமாடும் பூச்சிகள் போகும், முட்டையும் கூட்டுப்புழுவும் பெரும்பாலும் தப்பும். ஆகவே ஒரு வாரம் பத்து நாள் விட்டு இன்னொரு முறை. ஸ்பிரிங்டெயிலும் இதில் சாகும், ஒரு டப்பாவில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துத்தான். ஏசி போட்ட படுக்கையறையில் உலர்பனியைப் பரிசோதிக்காதீர்கள்.

கடைசியாக, கழுவிய தண்ணீர். அலசிய மண், பட்டைத் தூள், கிள்ளிய இலை எல்லாம் ஒரு பக்கெட்டில் சேரும் இல்லையா? அதைப் பக்கத்துக் காலி மனையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். நான் அதே அண்டாவில் கொட்டிக் கட்டையோடு சேர்த்து ஒரு கொதி விட்டு, ஆறிய பிறகு தென்னைக்கு ஊற்றிவிடுகிறேன்.